கதவுக்குப் பின்னால் வாளி

மழை விட்டு வெகு நேரமாகியும் கூடத்தின் நடுவில் மட்டும் தரை ஈரமாகவே இருக்கிறது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கி வாடகைக்கு விட்ட வீட்டில், குடியிருப்பவள் பதற்றத்தில் இடம் பார்க்காமல் இழுத்துப் போட்ட நாற்காலியின் நுனியில் தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். வாடகையை ஏற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறார். "நின்னபடியே சொல்லிட்டு வந்துடுங்க மாமா. அங்க ஒரு வாய் தண்ணி குடிச்சாக்கூட அப்புறம் உங்களுக்கு வாயே வராது" என்று, இதில் பழம் தின்று கொட்டை போட்ட மச்சினன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவரோ உட்கார்ந்தே விட்டார். அவள் நீட்டிய தம்ளரையும் வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமுகிறார். பொட்டென்று வழுக்கையில் ஒரு சொட்டு விழுகிறது. அண்ணாந்து பார்க்கிறார். கூரையில் பழுப்பாக ஒரு வட்டம். அதன் நடுவில் அடுத்த சொட்டு திரண்டு தொங்குகிறது. அவள் முகம் வெளிறுகிறது. கதவுக்குப் பின்னால், அவசரத்தில் ஒளித்த வாளியின் கைப்பிடி எட்டிப் பார்க்கிறது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "சொன்னா, ரிப்பேர் பாக்கணும், காலி பண்ணுங்கன்னுடுவீங்களோன்னுதான்... போன வீட்டுல அப்படித்தாண்ணே ஆச்சு." உள்ளறையில் குழந்தை சிணுங்கிப் புரண்டு படுக்கிறது. தையல்காரர் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுகிறார். நாற்காலியை நகர்த்தி, வாளியை எடுத்து வந்து, துணியில் கத்தரி வைக்குமுன் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணால் அளந்து, சொட்டுக்கு நேர் கீழே வைக்கிறார். டொக்கென்று விழுகிறது. "நாளைக்குக் கொத்தனாரக் கூட்டிட்டு வர்றேன். நீங்க பாட்டுக்கு இருங்க." பிறகு தம்ளரை எடுத்து, மச்சினனை நினைத்துக்கொண்டே, மிச்சமில்லாமல் குடிக்கிறார்.