சக்கரத்தில் இல்லாத பெயர்

சக்கரம் சில்யேயின் பெயரில் வந்து நின்றது.

வகுப்பாசிரியர் பிரேபனின் தட்டிலிருந்த கேக் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய், தேங்காய்த் துருவல் பக்கம் கீழாக, அவருடைய செருப்பின் மேலேயே விழுந்தது.

“பிரேபன், உன் செருப்புக்கும் பசி போலிருக்கு!” என்றான் மால்தே. நாலாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்த ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிரேபனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயர் சக்கரத்திலேயே கிடையாது. ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்றே அவர்தான் அதை ஓசைப்படாமல் எடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரத்தில் பாடம் கிடையாது. யார் வீட்டிலிருந்தாவது கேக் வரும். ஒருவர் எழுந்து நின்று, அந்த வாரம் தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் என்பதைத் திரையில் சுற்றும் சக்கரம் முடிவு செய்யும்.

முன்பெல்லாம் அந்த வேலை பிரேபனின் ஞாபகசக்தியிடம் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசைக்கடியில் தவழ்ந்து தேடுகிற ஞாபகசக்தி. மால்தேயை மூன்று வாரம் தொடர்ந்து கூப்பிட்டார். ஓடென்ஸே நகரத்துக்குக் குடிபோய்விட்ட பையனை, வரும்வரை விடுவதில்லை என்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை டோர்தேதான் சக்கரத்தை அறிமுகம் செய்து வைத்தார். ஒரு குரோனர்கூடச் செலவில்லை. பெயர்களைத் தட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பேசி முடித்தவரை நீக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்கவும் செய்யும். பிரேபன் டோர்தேவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். சக்கரத்துக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று தெரியாமல், திரையைத் துடைத்துவிட்டார்.

சக்கரம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டதும் அவர்தான்.

சில்யேக்குப் பேச்சு திக்கும். போன வருஷம் ஒருநாள், பாதியில் நின்றுபோன ஒரு வார்த்தையோடு கழிப்பறைக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டவள், பள்ளி விடும்வரை திறக்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தது பிரேபன்தான். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவள் பள்ளிக்கே வராமல் போய்விடுவாளோ என்று பயந்துதான் பெயரை எடுத்தார்.

இப்போது எங்கேயோ எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்ள அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது.

“இது கணக்கில்ல. மிஷின் கோளாறு. இன்னொரு சுத்து விடலாம்” என்று விசைப்பலகைக்குக் கையை நீட்டினார்.

அதற்குள் சில்யே எழுந்துவிட்டாள். கையில் கரும்பலகை துடைக்கிற துணி.

“ச... சக்கரம் சொன்னா ம... ம... மறுபேச்சு கிடையாது, பிரேபன்.”

ஊருக்குள் நீண்டிருந்த கடற்கழியான ஃபியோர்டிலிருந்து வந்த மழை ஜன்னலை அறைந்தது. பிரேபன் கையை இழுத்துக்கொண்டார்.

“எங்க கோ... கோ...”

வார்த்தை வரவில்லை. அவள் கழுத்து சிவந்தது. பிரேபன் கதவைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது.

“கோழியா?” என்று கைகொடுக்கப் பார்த்தான் மால்தே.

“நா... நானே சொல்றேன். நீ உன் கேக்கைத் தின்னு.”

மால்தே தின்றான்.

பேசுகிற நேரம் முடிந்தால் ஒலிக்கும்படி பிரேபன் கைப்பேசியில் மணி வைத்திருந்தார். அதுவும் இலவசம்தான். அது வாயைத் திறப்பதற்குள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். தொடைக்கடியில் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு அது ஓய்ந்தது.

சில்யே வீட்டுக் கோழி காரின் பின்சீட்டில் தூங்கிப்போனதாம். அம்மா கவனிக்காமல் பல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். கோழி அவளுக்கு முன்னால் இறங்கி, உள்ளே போய், காத்திருப்போர் நாற்காலியில் முட்டையிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் மேட்டில் ஏறுகிற சைக்கிள் மாதிரி வந்தது. யாரும் இறங்கித் தள்ளப் போகவில்லை.

“அங்க இருந்த நர்சு கேட்டாங்க, இதுக்கு எ... எந்தப் ப... ப...”

வகுப்பு முழுக்க முன்னால் சாய்ந்தது.

“...பல்லு வலிக்குதுன்னு!”

மால்தேயின் வாயிலிருந்த கேக் மேசையெங்கும் தெறித்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொருவராக “இன்னிக்கி நாளுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். சில்யே எப்போதும் தலையை மட்டும் ஆட்டுவாள். இன்று நின்று, முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனாள்.

காலி வகுப்பில் சக்கரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது: இந்தப் பெயரை நீக்கட்டுமா?

பிரேபன் நீக்கினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

சக்கரத்தில் சில்யே இருந்தாள்.

அதையும் நீக்கினார். இரண்டு பெயர் தள்ளி, இன்னொரு சில்யே. எதிர்ப்பக்கம், மால்தேக்கும் ஃப்ரேயாவுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, மற்றொன்று.

வகுப்புக்குப் பால் பெட்டியை எடுத்து வருவது, பலகை துடைப்பது, கணினியைத் திறந்து சக்கரத்தைச் சுற்றிவிடுவது எல்லாம் வாரத்துக்கு ஒரு பிள்ளையின் பொறுப்பு. இந்த வாரம் அது யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரே ஒரு சில்யேயை மட்டும் விட்டுவைத்தார்.

பிறகு, அவள் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்த துணியை எடுத்து, திரையை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தார். செருப்பின் மேல் கேக் அப்படியே இருந்தது.