முழங்காலில் ஒரு பூனை

குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி அரைத்து, கணவரின் வீங்கிய முழங்காலில் அப்பியிருக்கிறாள் மனைவி. நாலு நாள் நனைந்து கிடந்த காலுறையைப் போன்ற வாடை அறை முழுக்க நிற்கிறது. "இலையை மட்டும் அரைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்று அவர் மூக்கைப் பொத்தும்போதே அலமாரி மேலிருந்து பூனை குதிக்கிறது. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன பூனை. மூன்று வருடமாக மீன்துண்டை நீட்டியும் அவர் கிட்டே வராதது, இப்போது அந்தப் பச்சைச் சகதியில் கன்னத்தைத் தேய்க்கிறது, நக்குகிறது, புரளுகிறது. அதன் எச்சில் நூல் நூலாக இறங்கி அவருடைய கால்விரல் இடுக்கில் தேங்குகிறது. உதிர்ந்த ரோமம் சகதியோடு சேர்ந்து முழங்காலில் ஒட்டுகிறது. "வா வான்னு கெஞ்சினீங்களே, வேர் வாசனைக்கு மயங்கி வந்துட்டா மகராசி. கர்மம், எனக்குக் குமட்டுது. காலை நீட்டுங்க, கழுவி விடறேன்," என்று வாளியோடு வருகிறாள் மனைவி. அவருக்கும் குமட்டுகிறது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பிசுபிசுத்த தலையால் அவர் உள்ளங்கையை முட்டிக்கொண்டு பூனை குர்குரென்று சத்தமிடுகிறது. "வாளியை அந்தப் பக்கம் வை," என்கிறார் அவர், மூச்சைப் பிடித்தபடி. "நாளைக்கும் வேரோடவே அரைச்சுடு."