புவாத்துக்கு வேர்த்தது

புவாத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியதை முதலில் கண்டவள் அவன் மனைவி லுத்பியாதான்.

இரத்தத்தில் கிருமி பரவி, ஐ.சி.யூ.வில் வாயில் குழாயோடு மயங்கிக் கிடக்கிறவன். மூன்று நாளாக அடுப்புக் கல்லாய்க் கொதித்த உடம்பு. வேர்க்கிறது என்றால் காய்ச்சல் இறங்குகிறது என்றுதானே அர்த்தம். வெள்ளவத்தை வீட்டில் மூன்று பிள்ளைகளின் காய்ச்சலையும் அவள் இப்படிப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறாள்.

மருந்து பிடித்துவிட்டது.

அந்த விட்டமின் சி மருந்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டுபாயிலிருந்து தம்பி இப்திகார் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையெல்லாம் டொக்டர் தில்லைநாதனிடம் நீட்டினாள். நரம்பு வழியே அவ்வளவு பெரிய அளவில் ஏற்றினால் பிழைப்பார் என்பதற்குச் சரியான ஆதாரமில்லை, கெடுதலும் வரலாம் என்று அவர் மறுத்தார். அவள் அவருடைய அறைவாசலை விட்டு அசையவில்லை.

"குடுங்க டொக்டர். எந்தப் பேப்பர்லயும் நான் சைன் வெக்கிற. சும்மா பாத்துட்டு ஈக்க ஏலாது."

அவர் கையிலும் வேறு வழி மிச்சமில்லை. நேற்று மாலையிலிருந்து ஏறுகிறது.

ஒரே ஒரு குறை. சீனி வியாதியே இல்லாத மனிதனுக்கு இன்று காலையிலிருந்து சீனி ஏறிக்கொண்டே போனது. மணிக்கொரு தடவை விரலைக் குத்தி, கையடக்க மெஷினில் பார்த்து, நேர்ஸ் நிலூஷா இன்சுலினைக் கூட்டிக்கொண்டே வந்தாள். சீனிதானே, எழும்பி வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று லுத்பியா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது வேர்வை கழுத்தில் வழிந்து தலையணையை நனைத்தது.

நிலூஷா பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்தவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுச் சொல்ல லுத்பியாவுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். வாசலில் எத்தனை குடும்பம் அழுதுகொண்டு நிற்கிறது. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும்.

சால்வை முனையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

மேசையில் ஃபோன் அடித்தது. ஆய்வுகூடம், ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்த இரத்தத்தின் முடிவோடு. கேட்ட மாத்திரத்தில் நிலூஷா ஓடி வந்து இன்சுலினை நிறுத்தினாள். பின்னாலேயே வந்த தில்லைநாதன் குளுக்கோஸை நரம்பில் வேகவேகமாக ஏற்றினார்.

மெஷினில் முந்நூற்றெண்பது. ஆய்வுகூடத்தில் வெறும் இருபத்தாறு. இரத்தத்தில் நிறைந்திருந்த விட்டமின் சியையும் அந்த மெஷின் சீனி என்றே எண்ணியிருக்கிறது; அதை நம்பி ஏற்றிய இன்சுலின் இருந்த சீனியையும் கரைத்துவிட்டது. மூளைக்குச் சாப்பாடே சீனிதான், அது இல்லாமல் போனால்தான் இப்படி வேர்க்கும். அவர் நேர்ஸிடம் பதறிச் சொன்னதில் லுத்பியாவுக்கு இவ்வளவும் விளங்கியது.

புவாத்தின் கண்ணிமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தவர், அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவருக்கு எப்ப இருந்து வேர்க்குது?"

நாற்பது நிமிடம். ஒருவர் கண்ணிலும் படாமல், ஒவ்வொரு சொட்டையும் அவளே துடைத்திருந்தாள்.