கடிகாரப் பலகையில் காலிக் குழி

மின்சாரம் போய் வந்ததும் அவளுடைய கையகலக் கணினி மறுபடியும் ஏதோ பழைய தேதியைக் காட்டுகிறது. நேரம் தவறாமலிருக்க அதன்மேல் செருகிய குட்டிக் கடிகாரப் பலகையைக் கழற்றி, ஜன்னல் வெயிலில் திருப்பிப் பார்க்கிறாள். பொத்தான் பேட்டரி இருந்த குழி காலியாகப் பளபளக்கிறது. "என்னங்க, இதுல இருந்த பேட்டரிய எடுத்தீங்களா?" "நான் ஏன் அதத் தொடப்போறேன்?" என்கிறான் கணவன். சொன்ன வாய் மூடவில்லை, இருவர் பார்வையும் மேசைக்கடியில் போகிறது. தவழ்கிற மகள் எதையோ சப்பியபடி சிரிக்கிறாள். தாய் பாய்ந்து அவளை வாரியெடுக்கிறாள். "ஆ காட்டு செல்லம், ஆ..." கன்னத்துக்குள் ஒதுங்கியிருந்த வெள்ளி வட்டம் எச்சிலோடு வழுக்கி அவள் உள்ளங்கையில் விழுகிறது. குழந்தை வீறிடுகிறது. "முழுங்கலடி, முழுங்கல," என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான் கணவன். எப்போது எடுத்தானோ, அவன் கையில் வண்டிச் சாவி கிலுகிலுவென்று ஆடுகிறது.