தவணை உள்ளவரை

நாற்பது வயதில், சம்பளத்தின் முக்கால்வாசியை விழுங்கும் அறுபதாண்டுக் கடனை எடுத்துக் கோதண்டம் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கினார். அவர் மனைவி சுகந்தியின் தம்பி மாறன், வாடகை வீட்டில் குடியிருப்பவன், சிரிசிரியென்று சிரித்தான். "அக்கா, வீடு உங்களுக்கில்ல, நீங்கதான் வீட்டுக்கு!"

பால் காய்ச்சிய மறுநாளிலிருந்து வங்கி கோதண்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டது. இரண்டாவது கரண்டி சர்க்கரைக்கு டப்பா திறக்காது. நடைப்பயிற்சிக்கு மட்டம் போட்டால் வாசல் கதவு திறக்காது.

சென்ற மாதம் அவர் குளியலறையில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார். சுகந்தி அலறுவதற்குள் வங்கியின் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் வங்கி டாக்டர். "இன்னும் ஐம்பத்தெட்டு வருஷத் தவணை பாக்கி. சாரை அப்படியெல்லாம் விட்டுடுவோமா?"

சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீடு திரும்பியவரிடம் மாறன், "ஊர் நிலத்தை வித்துக் கடனை அடைச்சிடுங்க மாமா, நிம்மதியா இருக்கலாம்," என்றான்.

"வாயைக் கழுவுடா!" என்று சீறிவிட்டு, சுகந்தி நேரே வங்கிக்குப் போய்த் தன் பெயரையும் கடனில் சேர்க்கச் சொன்னாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சுமை?" என்றார் மேனேஜர்.

"அவர் நூறு வயசு இருக்கப்போறாரு சார். தனியா என்ன பண்ணுவாரு?"