மூன்றாவது கேள்வி

"மூணு கேள்வி கேட்பேன். ஒண்ணுக்குத் தப்பா பதில் சொன்னாலும் உங்களை நிழலுக்கு இழுத்துட்டுப் போயிடுவேன்."

"இழுக்கவெல்லாம் வேண்டாம். சொன்னா நானே நடந்து வருவேன்."

வேலை தொடங்கிய அன்று வெல்டருக்கும் பெயின்டருக்கும் நடந்த பேச்சு இது. இன்று கிடங்கின் கூரைச் சட்டத்தில் உட்கார்ந்தபடி பெயின்டர் அதை நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது.

வெயில் கொளுத்தும் மாதங்களில் அந்தக் கட்டட வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்ய வேண்டும். வெயில் தலைக்கேறினால் ஏறியவருக்கே தெரியாது, பேச்சுதான் முதலில் தடுமாறும். அதனால் ஜோடியாக இருப்பவர்கள் அவ்வப்போது ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். இன்று என்ன கிழமை? எங்கே இருக்கிறோம்? நான் யார்?

வெல்டர் இரும்பை ஒட்டவைப்பாள். சூடு ஆறியதும் பெயின்டர் அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடிப்பார். அதனால் மேற்பார்வையாளர் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். அவர் அறிமுகப்படுத்தியபோது இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் தண்ணீரையும் அந்த மூன்று கேள்விகளையும் பற்றித்தான்.

"தண்ணி குடிச்சீங்களா?" முகமூடியைத் தூக்கிவிட்டு வெல்டர் கேட்டாள்.

"குடிச்சேன்."

"பாட்டில் மூடியே திறக்கலை. பொய் சொல்றப்போ காதைத் தொடுறீங்க."

பெயின்டர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு பாட்டிலைத் திறந்தார்.

"மடமடன்னு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க."

"நீங்க வெல்டிங் பண்ண வந்தீங்களா, இல்ல என்னை வளர்க்க வந்தீங்களா?"

"ரெண்டும் கஷ்டமான வேலைதான். வெல்டிங்காவது ஒட்டும்."

இன்றோடு இங்கே அவளுடைய வேலை முடிகிறது. நாளை வேறு ஊரில் வேறு கட்டடம். முதல் நாளிலிருந்து அவர் அவளிடம் ஒன்று கேட்க நினைத்துக்கொண்டிருந்தார். தொண்டைவரை வரும், திரும்பிப் போய்விடும். இன்று விட்டால் அவ்வளவுதான்.

உச்சி வெயிலுக்கு முன்னால் விசில் ஊதினார்கள். எல்லோரும் இறங்கித் துணிப்பந்தலுக்குள் வந்தார்கள். வெல்டர் கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டாள். போவதற்கு முன் வழக்கம்போல் அவர் எதிரே வந்து நின்றாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"எங்க இருக்கோம்?"

"கிடங்குல. இவ்வளவு நேரம் கூரைமேல வறுபட்டுட்டு இருந்தோம்."

"நான் யாரு?"

'வெல்டர்' என்பதுதான் எப்போதும் அவர் சொல்லும் பதில். இன்று வாயைத் திறக்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"உங்களைத்தான் கேட்கிறேன். நான் யாரு?"

"என் பொண்டாட்டி."

பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் அலறினார். "சார், ஓடி வாங்க! பெயின்டருக்கு வெயில் தலைக்கேறிடுச்சு!"

அடுத்த நிமிடம் பெயின்டர் பாயில் கிடந்தார். ஒருவர் ஷூவைக் கழற்றினார். இன்னொருவர் ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். எலக்ட்ரீஷியன் ஓர் அட்டையை எடுத்துப் புயல் வேகத்தில் விசிறினார். யாரோ தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.

"வாயில ஊத்தாதீங்க! புத்தி தடுமாறி இருக்கும்போது ஊத்தினா புரையேறிடும்!" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்திருக்கப் பார்த்தார் பெயின்டர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. படுங்கண்ணே!" என்று அழுத்திப் படுக்கவைத்தார் எலக்ட்ரீஷியன். பிறகு மற்றவர்களிடம், "பாவம், மனசுல என்ன ஆசையோ, வெயில்ல வெளிய வந்துடுச்சு" என்றார்.

மேற்பார்வையாளர் ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்தார். அதுவரை சிலைபோல் நின்ற வெல்டர் குறுக்கே வந்தாள்.

"வேண்டாம் சார். அவர் நல்லாத்தான் இருக்கார்."

"என்னம்மா நீங்க? மூணாவது கேள்விக்கு எவ்வளவு தப்பா பதில் சொன்னார்!"

"இத்தனை நாளாத்தான் சார் தப்பா சொல்லிட்டு இருந்தார்." அவள் பெயின்டர் பக்கம் திரும்பினாள். "இவர் என் புருஷன். சண்டை போட்டுக்கிட்டு நாலு வருஷமா தனித்தனியா இருக்கோம்."

எலக்ட்ரீஷியனின் அட்டை அந்தரத்தில் நின்றது. பெயின்டர் ஈரத்துணியோடு எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் 'நீங்க, வாங்க' என்று பேசியவர், இத்தனை பேருக்கு நடுவில் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டே விட்டார்.

"வீட்டுக்கு வந்துடேன்."