பதிந்த முகங்கள்

துப்பாக்கிக் கடையில் இப்போதெல்லாம் வீட்டு ஆட்களின் முகத்தைப் பதிந்துதான் தோட்டா விற்கிறார்கள். பதிந்த முகத்தைக் கண்டால் தோட்டா விலகிப் போய்விடும். திருட்டுப் பயத்துக்கு ஒரு பெட்டி தோட்டா வாங்க வந்த ஞானவேல், கேமராவுக்கு முன்னால் தான் நின்றான், அம்மாவை நிறுத்தினான், தம்பியை நிறுத்தினான்.

"உங்க வீட்டுக்காரம்மா?" என்றார் கடைக்காரர்.

"அவ எதுக்கு? எங்க குடும்பத்து ஆளுங்க முடிஞ்சாச்சு. பெட்டியை மூடுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுக்கு உழைத்துக் கொட்டிய அவன் மனைவி தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

"உன்னை வேணாம்னுதானே சொன்னேன்?" ஞானவேல் பல்லைக் கடித்தான்.

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணே, எனக்குத் தனியா ஒரு பெட்டி போடுங்க. அதுல என் முகம் மட்டும் போதும்."